யூரா மோவ்சிஸ்யானை நம்ம ஊர் ஃபார்வர்டுகள் ஏன் கவனிக்கணும்

குமரிக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கம் கால்பந்து விளையாடுகிற பையன்களிடம் பிடித்த ஃபார்வர்ட் யார் என்று கேட்டால் மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே, ஹாலண்ட் என்று நாலு பெயருக்குள் பதில் முடிந்துவிடும். ரசிக்க அவர்கள் போதும். ஒரு ஃபார்வர்டின் பிழைப்பு எப்படி ஓடுகிறது, எந்த வயதில் எந்த கிளப்புக்குப் போகலாம், எங்கே வழுக்கும் என்பதெல்லாம் அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு யூரா மோவ்சிஸ்யான் மாதிரி ஒரு ஆளின் கணக்கைப் புரட்ட வேண்டும். அர்மீனியாவின் சென்டர் ஃபார்வர்ட். ரஷ்ய பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவர் பட்டத்தைப் பங்குபோட்டவர். உலக நட்சத்திரம் கிடையாது. அதனால்தான் அவர் நமக்குப் பயன்படுவார்.

அர்மீனியாவின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். நம்ம மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அந்த நாடு. அர்மீனியர்களில் பெரிய ஃபார்வர்டுகள் வருவது புதிது இல்லை. அர்மீனியக் குடும்பத்தில் பிறந்த நிகிதா சிமொன்யான் ஸ்பார்டக் மாஸ்கோவுக்காக எல்லாப் போட்டிகளும் சேர்த்து 160 கோல் அடித்து அந்த கிளப்பின் சாதனையாளராக நின்றார். 1950-ல் ஒரே சீசனில் 34 கோல். அவரே பிறகு பயிற்சியாளராக வந்து, 1973-ல் யெரெவானின் அராரத் அணிக்கு சோவியத் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார். அந்த அணியின் குள்ளமான ஃபார்வர்ட் எடுவார்ட் மர்காரோவ், 1974-75 ஐரோப்பியக் கோப்பையில் 5 கோல் அடித்து கெர்ட் முல்லரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மோவ்சிஸ்யான் இந்த வரிசையில் வருகிறவர். ஆனால் அவர் வந்த வழி வேறு.

1987 ஆகஸ்ட் 2-ல் பாகுவில் பிறந்தார். அசர்பைஜானின் தலைநகரில் ஒரு அர்மீனியக் குடும்பம். அடுத்த சில வருடங்களில் அங்கே அர்மீனியர்களுக்கு எதிரான வன்முறை வெடித்து, பாகுவின் அர்மீனியர்கள் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. இந்தக் குடும்பம் கடைசியில் கலிஃபோர்னியாவில் போய் நின்றது. பையன் படித்தது பாசடீனா சிட்டி காலேஜ், அமெரிக்காவில் இரண்டு வருடப் படிப்புக்கான சாதாரணக் கல்லூரி. அங்கிருந்து 2006-ல், அமெரிக்க லீக்கான மேஜர் லீக் சாக்கரின் கிளப்புகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் நான்காவது ஆளாக கன்சாஸ் சிட்டி எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு 18 வயது.

டிராஃப்டில் முன்னால் எடுக்கப்படுவது வேறு, லெவனில் இடம் பிடிப்பது வேறு. கன்சாஸ் சிட்டியில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. 2007-ல் ரியல் சால்ட் லேக்குக்கு மாறினார். அந்த அணி 2009 சீசனை 11 வெற்றி, 12 தோல்வி, 7 டிரா என்று முடித்து, 40 புள்ளியோடு, கோப்பைக்கான நாக் அவுட் சுற்றான பிளே ஆஃபின் கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து இறுதிக்கே போய், டேவிட் பெக்காம் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சியை பெனால்டியில் சாய்த்துக் கோப்பையை எடுத்தது.

அடுத்து அவர் எடுத்த முடிவைத்தான் நம்ம பையன்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். கோப்பை ஜெயித்த அணியில் இருக்கிறார், வயது 22. ஒப்பந்தம் முடியப் போகிறது. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருக்கும்போது இன்னொரு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடலாம், பழைய கிளப்புக்குக் கொடுக்கிற மாற்றுத் தொகை கிடையாது. அந்த வழியில் டென்மார்க்கின் ராண்டர்ஸ் கிளப்புக்குப் போனார். அந்தக் குளிர்கால இடைவேளையில் ராண்டர்ஸ் டேனிஷ் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும் என்று எல்லாரும் எழுதி வைத்த அணி.

நல்ல அணியை விட்டுக் கடைசி அணிக்கு யாராவது போவார்களா? ஃபார்வர்டாக இருந்தால் போகலாம் என்பதுதான் என் கருத்து. பெரிய கிளப்பில் மூன்றாவது ஃபார்வர்டாக உட்கார்ந்தால் ஒரு சீசனில் 300 நிமிடம்கூடக் கிடைக்காது. கோல் தேவைப்படுகிற அணியில் வாராவாரம் 90 நிமிடம் கிடைக்கும். ஆட்களை எடை போடுகிற ஸ்கவுட் பார்ப்பது அந்த நிமிடங்களைத்தான். ராண்டர்ஸ் அந்த வருடம் இறங்காமல் தப்பித்தது. 2011 தொடக்கத்தில் ரஷ்யாவின் கிராஸ்னோடர் அவரை வாங்கியது. அதுவும் 2008-ல்தான் பிறந்த கிளப். இரண்டாம் டிவிஷனில் ஐந்தாவதாக வந்திருந்தும் மேலே இருந்த அணிகள் விலகியதால் பிரீமியர் லீக்குக்கு ஏற்றப்பட்ட அணி. மறுபடியும் அதே தேர்வுதான்: பெயர் சின்னது, விளையாட நிமிடம் பெரிது.

அங்கே கோல்கள் வந்தன. 2012 டிசம்பரில் ஸ்பார்டக் மாஸ்கோ வாங்கியது. குளிர்கால இடைவேளை முடிந்து 2013 மார்ச்சில் டெரெக் குரோஸ்னிக்கு எதிராக முதல் லீக் ஆட்டம், அதிலேயே ஹாட்ரிக். சீசன் முடிவில் 13 கோல், கிராஸ்னோடரின் வாண்டர்சனும் 13. இரண்டு பேரும் சேர்ந்து முதலிடம்.

13 கோல் என்றால் குறைவு என்று தோன்றலாம். ரஷ்ய லீக்கில் 30 ஆட்டம்தான், அதிலும் பாதிச் சீசனை ஒரு கிளப்பிலும் மீதியை இன்னொரு கிளப்பிலும் ஆடியிருக்கிறார். புதுப் பயிற்சியாளர், புதுப் பாஸ் கொடுப்பவர்கள், புது ஓட்டங்கள். ஒரு ஃபார்வர்ட் கிளப் மாறினால் காலில் உள்ள ஷாட் கூடவே வரும். பாஸ் எப்போது வரும் என்கிற நேரக்கணக்கு கூட வராது, அதைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

மோவ்சிஸ்யானின் உண்மையான பலம் அந்த நேரக்கணக்கில்தான் இருந்தது. ஆறடி உயரம், கட்டான உடம்பு, முதுகைக் கொடுத்து டிஃபென்டரை நிறுத்துவார். அதைவிடப் பெரிது, பந்து வருவதற்கு முன்னால் அவர் எடுக்கும் ஓட்டம். இது நம்ம ஊர் ஃபார்வர்டுகளிடம் குறைவாக இருக்கிற விஷயம். காரணம் திறமைக் குறைவு இல்லை, ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ்.

செவன்ஸ் டோர்ணமென்டுகளில் பெரும்பாலும் ஆஃப்சைடு, அதாவது பாஸ் கிளம்பும்போது எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளைத் தாண்டி நிற்பது, பார்ப்பதில்லை. மைதானம் சின்னது, கோல் போஸ்ட் சின்னது, எங்கிருந்தும் அடிக்கலாம். அதில் வளர்ந்த பையனுக்கு நெருக்கத்தில் பந்தை அடக்கத் தெரியும், இரண்டு பேருக்கு நடுவில் திரும்பத் தெரியும், இரண்டு காலிலும் அடிக்கத் தெரியும். கீப்பர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளவும் பழகியிருப்பான். அவனே 105 மீட்டருக்கு 68 மீட்டர் மைதானத்தில் லெவன்ஸ் ஆட இறங்கினால் முதல் பாதியிலேயே நாலு முறை கொடி தூக்கப்படும். அடுத்த பாதியில் பயந்துபோய் நடுக்களத்துக்கு இறங்கி வருவான். அத்தோடு அவன் ஃபார்வர்ட் இல்லை.

சென்டர் ஃபார்வர்டின் ஓட்டத்தைப் பிரித்துச் சொன்னால் இப்படி வரும். நம்ம மிட்ஃபீல்டரிடம் பந்து இருக்கும்போது எதிரணி சென்டர் பேக்கின் முன்னால் நிற்காதே, அவன் தோளுக்குப் பின்னால் நில். பந்தையும் உன்னையும் ஒரே பார்வையில் அவனால் பார்க்க முடியாது, உன்னைத் தேட அவன் தலை திருப்பியாக வேண்டும். மிட்ஃபீல்டர் பந்தை முன்னால் தட்டித் தலையை நிமிர்த்துகிற நொடியில், பந்தை நோக்கி இரண்டு எட்டு இறங்கி வா. அவனும் கூடவே ஒரு எட்டு வருவான். அவன் எடை முன்னங்காலுக்குப் போனதும் திரும்பு. நேராகக் கோலை நோக்கி ஓடாமல், அவன் முதுகுக்குப் பின்னால் குறுக்காக, டிஃபென்ஸ் கோட்டோடு சாய்ந்து ஓடு. நேராக ஓடினால் இரண்டே எட்டில் ஆஃப்சைடு. சாய்ந்து ஓடினால் பாஸ் அரை நொடி தாமதித்தாலும் நீ கோட்டுக்குள்ளேயே இருப்பாய், பந்தும் உன் கண்ணில் இருக்கும்.

ஆஃப்சைடு பார்க்கப்படுவது பாஸ் கொடுக்கிறவன் கால் பந்தைத் தொடுகிற கணத்தில், உன்னிடம் வந்து சேரும்போது இல்லை. கைகள் கணக்கில் வராது. கடைசிக்கு முந்தின ஆளோடு சமமாக நின்றால் ஆன்சைடு. த்ரோ இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைப் பயன்படுத்துகிற அணியை நம்ம பக்கம் பார்ப்பது அபூர்வம். தூரமாக எறியத் தெரிந்த ஒருத்தன் இருந்தாலே போதும், அவன் த்ரோ இன் எடுக்கும்போது ஃபார்வர்ட் கடைசி டிஃபென்டரைத் தாண்டியே நிற்கலாம்.

கிராஸுக்கான ஓட்டத்தில் வருகிற தப்பு ஒன்றுதான்: சீக்கிரம் கிளம்புவது. விங்கர் தலை குனிந்து பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது பாக்ஸுக்குள் போய் நின்றுவிட்டால், நின்ற ஆளைப் பிடிக்க டிஃபென்டருக்கு ஒரு கை போதும். விங்கர் தலையைத் தூக்குகிற வரை தூரக் கம்பம் பக்கம் மெதுவாக நகர். தலை தூக்கியதும் டிஃபென்டரின் முன்னால் வெட்டி, பக்கத்துக் கம்பத்தை நோக்கிப் பாய். 5.5 மீட்டர் பாக்ஸின் மூலையில் பந்தும் நீயும் ஒன்றாகச் சேர வேண்டும். அங்கே வேகமாக அடிக்கத் தேவையில்லை, பந்திலேயே வேகம் இருக்கிறது, காலின் உள்பக்கத்தை வைத்துத் திசை மாற்றினால் போதும். பயிற்சியில் ஒவ்வொரு பக்கமிருந்தும் பத்துப் பத்து கிராஸ், டிஃபென்டர் இல்லாமல் ஒரு சுற்று, டிஃபென்டரோடு ஒரு சுற்று. டிஃபென்டர் இல்லாத சுற்றில் எல்லாம் கோலாகும். அடுத்த சுற்றில்தான் நேரம் தெரியும்.

இப்படி ஓடுகிற ஒருவர் ஒரு தேசிய அணிக்கு என்ன செய்வார் என்பதற்கு யூரோ 2012 தகுதிச் சுற்றைப் பாருங்கள். அர்மீனியா 22 கோல் அடித்தது. அதே பிரிவில் ரஷ்யா 17, அயர்லாந்து 15. ஸ்லோவாக்கியா 2010 உலகக் கோப்பையில் இத்தாலியை வெளியேற்றிய அணி. அதன் சொந்த மண்ணில் 2011 செப்டம்பர் 6-ல் அர்மீனியா 4-0. மோவ்சிஸ்யான், மிகிதார்யான், கசார்யான், சர்கிசோவ் ஆளுக்கு ஒன்று. கோல் பட்டியலில் மிட்ஃபீல்டர் மிகிதார்யானின் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். அவருக்கு இடம் கிடைத்தது எதனால்? மோவ்சிஸ்யான் ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு சென்டர் பேக்கையும் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். திறந்த அந்த இடத்தில் மிகிதார்யான் நுழைந்தார். சைடில் நின்று “லே மக்கா, நீ ஒண்ணும் அடிக்கலயே” என்று கத்துகிறவர்கள் இந்த வேலையையும் எண்ண வேண்டும்.

அந்த ஓட்டம் எப்போது பலிக்காது என்பதும் அதே அணியில் தெரியும். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 2013 ஜூன் 7-ல் யெரெவானில் மால்டாவிடம் 0-1 தோல்வி. நான்கு நாள் கழித்து கோபன்ஹேகனில் டென்மார்க்கை 4-0. மோவ்சிஸ்யான் முதல் நிமிடத்திலேயே ஒன்று, இரண்டாம் பாதியில் இன்னொன்று. ஓஸ்பிலிஸ், மிகிதார்யான் மீதி இரண்டு. இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் அணி மாறிவிடவில்லை. மால்டா தன் பாக்ஸுக்குள் பதுங்கி நிற்கிற அணி. பின்னால் ஓட இடமே இல்லாதபோது பின்னால் ஓடுகிற ஃபார்வர்ட் என்ன செய்வார்? டென்மார்க் சொந்த ஊரில் ஜெயித்தாக வேண்டும், கோட்டை மேலே ஏற்றி ஆடியது, முதுகுப்பக்கம் திறந்து கிடந்தது. அந்த வருடம் அக்டோபர் 15-ல் நேப்பிள்ஸில் இத்தாலியோடு 2-2, அதிலும் ஐந்தாவது நிமிடத்தில் மோவ்சிஸ்யான். பிரிவு முடிவில் அர்மீனியா 13 புள்ளி, இரண்டாம் இடம் டென்மார்க் 16. மால்டாவிடம் விட்ட மூன்று புள்ளி அந்த அணியை நேசிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் வலிக்கும்.

பாகுவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் அர்மீனியாவுக்கு எப்படி ஆடினார் என்றால், 2007-ல் அர்மீனியா இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. உலகமெங்கும் சிதறிய அர்மீனியக் குடும்பத்துப் பையன்களுக்கு அது கதவைத் திறந்தது. இந்தியச் சட்டத்தில் அந்த வழி இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இந்திய அணிக்கு ஆட முடியாது.

இனி ஸ்பார்டக். அதிக கோல் அடித்த சீசனுக்குப் பிறகு அங்கே அவர் ஏறுமுகமாகப் போகவில்லை. காயங்கள் வந்தன, பயிற்சியாளர்கள் மாறினார்கள், மாறின ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி ஃபார்வர்ட் வேண்டியிருந்தது. 2016 தொடக்கத்தில் கடனாக ரியல் சால்ட் லேக்குக்குத் திரும்பினார். 2018-ல் ஸ்வீடனின் யூர்கோர்டன் அணியில் இருந்தபோது அந்த அணி ஸ்வீடிஷ் கோப்பையை வென்றது. அதே வருடம் சிகாகோ. முப்பதைத் தாண்டிய ஃபார்வர்டின் வழக்கமான இறங்குமுகம் இது. கோல் அடிக்கத் தெரியாமல் போவதால் வருவதில்லை, முதல் இரண்டு எட்டின் வேகம் போவதால் வருவது.

காயம் என்றதும் நம்ம மாவட்டத்துக்காரர் மைக்கேல் சூசைராஜ் ஞாபகம் வராமல் இருக்காது. இரவிபுத்தன்துறையில் இருந்து சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று ஏறியவர். 2020 நவம்பரில் ஏடிகே மோகன் பகானுக்காக இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) முதல் ஆட்டத்தில் பதினைந்து நிமிடம் முடிவதற்குள் முழங்காலில் அடிபட்டு, அந்த சீசனே போயிற்று.

கடற்கரையில் ஆடி வளர்கிற நம்ம பையன்களுக்கு முழங்கால் விஷயத்தில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. மணலில் திரும்பும்போது பாதம் கூடவே வழுக்கும், திருகல் மணலில் கரைந்துவிடும். கெண்டைக்கால் நன்றாக உரமேறும். அதே பையன் அடியில் முளை வைத்த ஸ்டட் பூட் போட்டுப் புல்லிலோ செயற்கைப் புல்லிலோ இறங்கினால் பாதம் தரையில் பூட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டுவது முழங்கால். அதனால் டோர்ணமென்டுக்கு இரண்டு நாள் முன்னால் புது பூட் வாங்கி நேராக ஆட்டத்துக்குப் போகக் கூடாது. இரண்டு மூன்று வாரமாவது அதே தரையில், அதே பூட்டில், மெதுவான திருப்பங்களில் தொடங்கிப் பழக வேண்டும். செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் வேண்டாம், குட்டை ஸ்டட் நிறைய உள்ளது போதும்.

கூடவே ஃபிஃபா 11 பிளஸ் என்கிற வார்ம் அப். மொத்தம் 20 நிமிடம்: மெதுவான ஓட்டம் 8 நிமிடம், வலு, தாவல், சமநிலை 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும். இதில் முக்கியமானது நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங். முட்டி போட்டு நில், பின்னால் ஒருவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், இடுப்பை மடக்காமல் உடம்பைப் பலகை மாதிரி வைத்து முன்னால் மெதுவாகச் சாய்ந்து கொண்டே போ, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்று. தொடக்கத்தில் 3 முதல் 5 முறை, பழகினதும் 7 முதல் 10, பிறகு 12 முதல் 15. முதல் நாளே பதினைந்து செய்தால் மறுநாள் நடக்கவே முடியாது, அத்தோடு அந்தப் பயிற்சியை விட்டுவிடுவார்கள். ஒரு காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மடிந்தால் திருத்துகிற வரை உயரத்தைக் குறைக்கணும்.

பெற்றோருக்கு ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை வெளிநாட்டு கிளப்பில் பதிவு செய்ய ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடும்பமே இடம் மாறியது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பையனை ஐரோப்பாவில் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்டிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே நிற்கும்.

கடைசியாக ஊர் கிளப் நடத்துகிறவர்களுக்கு. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிவதற்கு முன் மாற்றுத் தொகையோடு வேறு நாட்டு கிளப்புக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5 சதவீதம். தொகை ஒரு கோடி என்று வையுங்கள், பையன் 12 முதல் 18 வரை உங்களிடம் இருந்திருந்தால் உங்கள் பங்கு இரண்டரை லட்சம். மோவ்சிஸ்யான் ராண்டர்ஸுக்குப் போனது போல ஒப்பந்தம் முடிந்து போனால் இந்தப் பங்கு கிடையாது. ஆனால் 23 வயது ஆகிற வருடம் வரை பயிற்சி ஈட்டுத்தொகை என்று தனியாக ஒன்று இருக்கிறது.

இவை எல்லாம் கிளப்பும் பையனும் பதிவாகியிருந்தால்தான். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஐஎஃப்எஃப்பின் சிஆர்எஸ் என்கிற ஆன்லைன் பதிவில் பெயர் இல்லாத காலம், எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தார் என்று காட்டுகிற பிளேயர் பாஸ்போர்ட்டில் ஏறாது, பாஸ்போர்ட்டில் இல்லாத சீசனுக்குப் பணம் வராது. பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்தில் பெயர், அப்பா பெயரின் இனிஷியல் எந்தப் பக்கம் வருகிறது, பிறந்த தேதி, இந்த மூன்றும் ஆதார், பள்ளிச் சான்றிதழ், சிஆர்எஸ் எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும். நம்ம பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று இருக்கும். பன்னிரண்டு வயதில், முதல் பதிவின்போதே, ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாத் தாளிலும் அதையே வையுங்கள். சீசன் தொடங்கின தேதியும் முடிந்த தேதியும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி, கிளப் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.